முனிராஜ் வீட்டு ஜெனரேட்டர்

போன வாரம் பட்டறையிலிருந்து போன் வந்தது. நான் வேலையை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. முழங்கால் ஒத்துழைக்கவில்லை, விட்டுவிட்டேன். ஆனாலும் சிக்கலான மெஷின் வந்தால் கூப்பிடுவார்கள். இப்போது அங்கே மூத்த மெக்கானிக்காக இருக்கும் ரமேஷ்தான் பேசினார்.

"அண்ணே, பழைய ரெண்டு கே.வி. பெட்ரோல் மெஷின். இன்ஜின் ஜம்முனு ஓடுது, கரண்ட் மட்டும் வரல. மீட்டர்ல சுத்தமா சைபர். காந்தம் போயிருக்கும்னு நெனைக்கிறேன். பேட்டரி காட்டிரட்டுமா?"

"கொண்டாந்தவரு இருக்காரா?"

"வெச்சுட்டுப் போயிட்டாருண்ணே."

"அவரக் கூப்புட்டு, எதுல, எப்படி மாட்டி ஓட்டுனாருன்னு கேளு. அது தெரியாம பேட்டரியப் பக்கத்துல கொண்டுபோகாத."

ரமேஷ் சிரித்தார். "ஒரு நிமிஷ வேலைக்கு இவ்வளவு விசாரணையாண்ணே?"

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. வாய்க்கு வந்தபடி கத்திவிட்டு போனை வைத்தேன். அப்புறம் யோசித்தால் அவர் மேல் என்ன தப்பு? நான் ஏன் இப்படிக் குதிக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. பட்டறையில் இருந்த காலத்தில் நான் இதை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன்.

நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, ஓசூரில் கம்பெனி கம்பெனியாகத் திறக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினேன். மூன்று வருஷம் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட். நிரந்தரம் ஆகாது என்று தெரிந்ததும் ராயக்கோட்டை ரோட்டில் இருந்த சீனப்பா சாரின் ஜெனரேட்டர் பட்டறையில் சேர்ந்தேன். வேலை கற்றுக்கொண்ட கதையெல்லாம் எல்லாருக்கும் ஒரே கதைதான். விரல் நசுங்கியது, ஷாக் அடித்தது, திட்டு வாங்கினேன். அதை விடுங்கள்.

சீனப்பா சாரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வீட்டில் தெலுங்கு, வாடிக்கையாளரிடம் பாதி நேரம் கன்னடம், எங்களிடம் தமிழ். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியில் ஜெனரேட்டர் பிரிவில் இருந்துவிட்டு வந்து சொந்தமாகப் பட்டறை போட்டவர். ஒரு மெஷின் வந்தால் முதலில் அதைப் பார்க்க மாட்டார். கொண்டுவந்த ஆளை ஸ்டூலில் உட்கார வைத்து டீ சொல்வார். பெரிய நோட்டு ஒன்றைத் திறப்பார். அதில் 'வந்த நிலை' என்று ஒரு கட்டம் கிழித்திருக்கும். நாலு கேள்வி கேட்பார், எப்போதும் அதே வரிசையில்.

கடைசியாக எப்போது நன்றாக ஓடியது? நிற்கும்போது அதில் என்னென்ன ஓடிக்கொண்டிருந்தது? அதற்கப்புறம் யார் கைவைத்தார்கள்? வயரை எதிலிருந்து எதற்கு, எப்படி மாட்டியிருந்தீர்கள்?

பதிலை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுவார். தெலுங்கில் சொன்னால் தெலுங்குப் பேச்சைத் தமிழ் எழுத்தில் எழுதி வைப்பார். கட்டம் நிரம்பாமல் ஒரு ஸ்க்ரூவைத் தொடக் கூடாது. இது பட்டறைச் சட்டம்.

எனக்கு அந்தச் சட்டம் ஆரம்பத்திலிருந்தே எரிச்சல். கை பரபரக்கிறவனுக்கு உட்கார்ந்து கதை கேட்கப் பொறுமை ஏது? ஒரு தடவை ஜூஜுவாடியில் பார்டரை ஒட்டி இருந்த ஒரு ஓட்டலிலிருந்து மெஷின் வந்தது. கேள்வி எதுவும் கேட்காமல் பிரித்துப் போட்டேன். கரியைப் பார்த்தேன், அதாவது சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் பிரஷ், புதுசாகத்தான் தெரிந்தது. காயிலைச் சோதித்தேன், கன்ட்ரோல் போர்டை மாற்றினேன். அரை நாள் போனது. சார் வந்தார், ஓட்டல்காரரைக் கூப்பிட்டு மூன்றாவது கேள்வியைக் கேட்டார்.

"யாரும் கைவெக்கலைங்க. நம்ம பரோட்டா மாஸ்டர் மட்டும் கொஞ்சம் பாத்தாரு" என்றார் அவர்.

பரோட்டா மாஸ்டர் டார்ச் செல்லை உடைத்து, உள்ளே இருந்த கரிக்குச்சியைத் தேய்த்து பிரஷ் இடத்தில் மாட்டியிருக்கிறார். புதுசாகத் தெரியாமல் என்ன செய்யும்!

"ஏனப்பா மாரி," என்றார் சார், "அந்த பரோட்டா மாஸ்டர் உன்னவிட தேவலாமப்பா. அவன் கரிய வெளிய எடுத்தாவது பாத்திருக்கான்." பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் திருந்தவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாயிரத்து எட்டு வாக்கில் கரண்ட் எந்த நேரம் போகும், எந்த நேரம் வரும் என்று சொல்ல முடியாத காலம் ஆரம்பித்தது. மூலையில் போட்டிருந்த பழைய ஜெனரேட்டரையெல்லாம் ஜனங்கள் தூசி தட்டிக்கொண்டு வந்தார்கள். பட்டறை வாசலில் மெஷின் வரிசை ரோடு வரைக்கும் நிற்கும்.

அப்படி ஒரு நாள், பொங்கல் முடிந்த வாரம், முனிராஜ் வந்தார். உத்தனப்பள்ளியிலிருந்து உள்ளே போகிற ஒரு ஊர், பேர் வேண்டாம். ரோஜாத் தோட்டம் வைத்திருப்பவர். பந்தல் போடும் ஒருவரிடமிருந்து கைமாறி வந்த பழைய மெஷின், தூக்கி வைக்கிற மாதிரி சின்னது.

"அண்ணா, ஓடுது. ஆனா கரண்ட் வரமாட்டேங்குதுங்க. திடீர்னு முக்கி முனகி நின்னுபோச்சு."

சார் அன்றைக்கு கிருஷ்ணகிரிக்குப் போயிருந்தார். நோட்டை இழுத்து 'வந்த நிலை' கட்டத்தில் "கரண்ட் வரவில்லை" என்று இரண்டு வார்த்தை எழுதினேன். அதோடு சரி.

இன்ஜின் வேகம் சரி. பிரஷ் சரி. பிரேக்கரைப் பார்த்தேன். அதிக லோடு வந்தால் தானாக விழுந்து மெஷினைக் காப்பாற்ற வேண்டியது அது. அதன் இரண்டு காலையும் ஒரு செம்புக் கம்பியால் நேராகக் கட்டியிருந்தார்கள். பந்தல்காரர் வேலை. அடிக்கடி விழுகிறது என்று இப்படிச் செய்வார்கள். அதை அப்படியே விட்டேன். மீட்டரை வைத்தால் சுத்தமான சைபர்.

படிக்கிறவர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். ஜெனரேட்டர் நின்றிருக்கும்போதும் அதன் இரும்பில் கொஞ்சம் காந்தம் தங்கியிருக்கும். அந்தக் கொஞ்சத்திலிருந்து முதலில் இரண்டு மூன்று வோல்ட் பிறக்கும். அதைப் பிடித்துக்கொண்டு ஏறித்தான் இருநூற்று முப்பதுக்கு வரும். அந்தக் கொஞ்சமும் போய்விட்டால் இன்ஜின் எவ்வளவு ஓடினாலும் ஒன்றும் பிறக்காது. அடுப்பில் கங்கு அணைந்துபோன மாதிரி. வெளியிலிருந்து ஒரு பன்னிரண்டு வோல்ட் பேட்டரியை பிரஷ்ஷில் சில நொடி காட்டினால் காந்தம் திரும்பிவிடும். ரொம்ப சுலபம். ஆனால் காந்தம் சும்மா போகாது. பல மாதம் ஓடாமல் கிடந்திருக்க வேண்டும், அல்லது தாங்க முடியாத லோடு ஒன்று அதன் கழுத்தை நெரித்திருக்க வேண்டும். அந்த மெஷின் முந்தின நாள் வரை ஓடியது. அப்படியானால் கழுத்தை நெரித்தது எது? அதைத்தான் நான் கேட்கவில்லை.

பேட்டரி காட்டினேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. முனிராஜ் முகமும் மலர்ந்துவிட்டது. "கைராசிக்காரருண்ணா நீங்க" என்றார். இருபது நிமிஷத்தில் அனுப்பிவிட்டேன். எனக்கு ரொம்பப் பெருமை, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

பிப்ரவரியில் காதலர் தினத்துக்கு முந்தின இரண்டு வாரம் எங்கள் பக்கம் ரோஜாக்காரர்களுக்குத் தூக்கமே இருக்காது. அந்த அமளியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அதே மெஷின், அதே முனிராஜ். ஆனால் ஆள் அதே ஆளாக இல்லை. முகம் கறுத்திருந்தது. "மறுபடி அதேதாங்க. சீக்கிரம் பாத்துக் குடுங்க" என்றார். ஸ்டூலில் உட்காரவில்லை.

சார் அந்த வாரம் அனந்தபூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். வாசலில் பதினோரு மெஷின் காத்திருந்தன. நான் மீட்டரை வைத்தேன். சைபர். செம்புக் கம்பி அப்படியே இருந்தது. ஆனால் இந்தத் தடவை வெந்து கறுத்திருந்தது. பார்த்தேன். பார்த்தும் கேட்கவில்லை. பேட்டரி காட்டினேன், பல்பு எரிந்தது, நோட்டில் "கரண்ட் வரவில்லை. சரி செய்தது" என்று எழுதினேன். முனிராஜ் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

அன்று மத்தியானம் டீக்கடையில்தான் கேள்விப்பட்டேன். முந்தின நாள், திங்கட்கிழமை, முனிராஜ் ஊரில் லைன்மேன் கோவிந்தன் கம்பத்திலிருந்து விழுந்துவிட்டார். தளர்ந்துபோன லைன் கம்பியை இழுத்துக் கட்ட ஏறியிருக்கிறார். கூட வேலை பார்த்தவர் வயர்மேன் பெருமாள். டிரான்ஸ்பார்மரில் மூன்று ஃபியூஸையும் பெருமாள் பிடுங்கினார், அதற்கப்புறம்தான் கோவிந்தன் ஏறினார். கம்பியில் கைவைத்ததும் தூக்கி அடித்திருக்கிறது. விழும்போது கையிலிருந்த கம்பியும் கூடவே இழுபட்டுப் பக்கத்துக் கம்பியில் சுற்றிக்கொண்டது. ஓடிவந்தவர்கள் டெஸ்டரை வைத்துப் பார்த்தால் லைனில் துளி கரண்ட் இல்லை.

"பெருமாள் புடுங்கவே இல்ல," என்றார் டீக்கடையில் ஒருவர். "ஆளு விழுந்ததும் ஓடிப்போயி புடுங்கிப் பையில போட்டுக்கினான்."

லைனில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஃபியூஸைப் பிடுங்கினவர் அதை டிரான்ஸ்பார்மரிலேயே வைத்துவிட்டு வரமாட்டார். தன் பையில் போட்டுக்கொண்டு, ஏறினவர் இறங்குகிற வரைக்கும் கம்பத்தடியிலேயே நிற்பார். வேறு யாரும் தெரியாமல் திருப்பி மாட்டிவிடக் கூடாது என்பதற்காக. பெருமாள் அப்படித்தான் நின்றேன் என்றார். யாரும் நம்பவில்லை. ஃபியூஸ் இல்லாத லைனில் கரண்ட் எங்கிருந்து வரும்?

புதன்கிழமை ஆஸ்பத்திரியில் கோவிந்தன் இறந்துபோனார். பெருமாள் அவருக்கு வெறும் சக வேலைக்காரர் இல்லை. கோவிந்தன் மனைவி சாந்திக்குக் கூடப்பிறந்த அண்ணன். பொறந்த வீட்டுக் கோடிப் புடவையோடு எழவு வீட்டுக்குப் போனவரை சாந்தி வாசலிலேயே நிறுத்திவிட்டாராம். "எம் புருசனக் கொன்ன கையால எனக்குக் கோடி வேணாம்" என்று சொல்லிவிட்டாராம். அண்ணன் புடவையை மார்போடு பிடித்துக்கொண்டு தெருவிலேயே நின்றிருக்கிறார், பிணம் எடுக்கும் வரைக்கும்.

வெள்ளிக்கிழமை இதைக் கேட்டபோது டீ கிளாஸை அப்படியே கீழே வைத்துவிட்டேன். திங்கட்கிழமை கம்பி சுற்றிக்கொண்டது. திங்கட்கிழமைக்கப்புறம் முனிராஜ் மெஷினில் காந்தம் இல்லை. செம்புக் கம்பி வெந்திருந்தது. லைனுக்குக் கரண்ட் போனது அந்த மெஷினிலிருந்துதான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் வாயைத் திறக்கவில்லை. போலீஸ், கோர்ட்டு, நம்மையும் இழுப்பார்கள், நமக்கெதற்கு என்று இருந்துவிட்டேன். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அதற்காக யாரும் என்னை மெச்ச வேண்டாம். வாயைத் திறக்காதவன் திறக்காதவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை சார் திரும்பி வந்தார். வழக்கம்போல நோட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. முன்னே புரட்டி ஜனவரிப் பக்கத்தையும் பார்த்தார்.

"ஏனப்பா மாரி. ஒரே மெஷின், ரெண்டு தடவ, ஒரே கம்ப்ளெய்ன்ட். என்னா போயிருந்துச்சு?"

"காந்தம் சார்."

"எதுக்குப் போச்சு?"

அவர் காத்திருந்தார். அவர் காத்திருந்தால் எதிரே நிற்கிறவனால் தாங்க முடியாது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், கோவிந்தன், பெருமாள், கோடிப் புடவை வரைக்கும்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நோட்டை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டு, "வண்டி எடு" என்றார்.

முனிராஜ் வீட்டில் பின்பக்க அறையில் பூக்கட்டுகள் வாளி வாளியாக இருந்தன. அந்த அறைக்கு ஒரு ஏர்கூலர். சார் எதுவும் குற்றம் சொல்லவில்லை. கட்டிலில் உட்கார்ந்தார், நோட்டைத் திறந்தார், பேனாவை எடுத்தார். பட்டறையில் கேட்கிற அதே குரலில் தெலுங்கில் ஆரம்பித்தார். முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி. முனிராஜ் பதில் சொன்னார், சார் எழுதினார். "பூ ரூமு கூலரு ஓடிக்கொண்டிருந்தது." மூன்றாவது கேள்வி. "மாரியண்ணன் தவிர யாரும் தொடவில்லை." நாலாவது கேள்வி.

சார் பேனாவை நோட்டிலிருந்து எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். முனிராஜ் எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு வயர் இருந்தது. இரண்டு முனையிலும் சொருகுகிற பின்.

இந்த வயரை எங்கள் பக்கம் பல வீட்டில் வைத்திருந்தார்கள். ஒரு முனை ஜெனரேட்டரில், மறு முனை வீட்டுப் பிளக் பாயின்டில். பிளக் வழியாகக் கரண்ட் வீட்டுக்குள் பின்பக்கமாக ஏறும். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அது தெரு லைனுக்கே போய்விடும். செய்யவே கூடாத வேலை, அது வேறு. ஆனால் மெயினை இறக்கிவிட்டால் கரண்ட் திரும்பி வந்தது தெரியாதே! அதனால் மூன்று ஃபேஸ் வீடுகளில் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். மெயினில் உள்ள மூன்று ஃபியூஸில் பிளக் பாயின்டுக்கு உரிய ஒன்றை மட்டும் பிடுங்குவார்கள். அடுத்த ஃபேஸில் வாசல் பல்பு ஒன்றைப் போட்டு வைப்பார்கள். பல்பு எரிந்தால் கரண்ட் வந்துவிட்டது, ஜெனரேட்டரை நிறுத்தலாம்.

முனிராஜ் தன் மெயினில் எந்த ஃபியூஸ் என்று தெரிய சிவப்புப் பெயின்டால் புள்ளி வைத்திருந்தார். பொங்கலுக்கு வெள்ளையடித்தவர்கள் அந்தப் பெட்டியையும் சேர்த்து அடித்துவிட்டார்கள். புள்ளி போய்விட்டது. பொங்கல் முடிந்த வாரம் உத்தேசமாக ஒன்றைப் பிடுங்கினார்; தப்பான ஃபியூஸ். கரண்ட் தெரு லைனுக்கே ஏற, தெரு முழுக்க உள்ள வீடுகளின் லோடு அந்தச் சின்ன மெஷின் கழுத்தில் விழுந்தது. அதைத்தான் நான் முதல் தடவை பேட்டரி காட்டி அனுப்பினேன். அதற்கப்புறம் ஒரு மாதம் தோட்டத்து மோட்டாருக்கு மட்டும் நேராக மாட்டி ஓட்டியிருக்கிறார். வீட்டில் மறுபடி மாட்டியது அந்தத் திங்கட்கிழமைதான். லைன் வேலை நடப்பது அவருக்குத் தெரியாது, வழக்கமான பவர்கட் என்று நினைத்துவிட்டார். மறுபடி அதே தப்பான ஃபியூஸ். தெருவில் பாதிப் பேர் தோட்டத்தில் இருந்ததால் லோடு குறைவு; கம்பிகள் சுற்றிக்கொள்கிற வரை மெஷின் ஓடியது, சுற்றியதும் காந்தம் செத்தது, அதனால்தான் டெஸ்டரில் ஒன்றும் காட்டவில்லை.

"மெஷின்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன் சாமி," என்று முனிராஜ் அழுதார். "மொதல்ல ஒருத்தர்கூட சொல்லலியே. மறுநாள் ஊருல பேசிக்கினப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. பயத்துல சொல்லாம விட்டுட்டேன்."

மொதல்ல ஒருத்தர்கூட சொல்லலியே. ஜனவரியில் நடந்ததைத்தான் சொன்னார், என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த அறையில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான் ஒருத்தன்தான்.

மறுநாள் காலை விசாரணைக்காகக் கரண்ட் ஆபீஸ் இன்ஜினியர் ஊருக்கு வந்தார். சாரும் முனிராஜும் நானும் அவரிடம் போய்ச் சொன்னோம். நிதானமான மனுஷர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வாயால சொன்னா இந்த ஊரு நம்பாது. நானும் பாக்கணும்" என்றார்.

இன்ஜினியரே முன்னின்று ஏற்பாடு செய்தார். கம்பத்தில் யாரும் இல்லை, லைன் பக்கம் யாரும் போகக் கூடாது என்று ஆள் நிறுத்தினார். தெருவில் எல்லா வீட்டு மெயினையும் இறக்கச் சொன்னார். எதிர்ப்பக்கம் நாலு வீடு தள்ளி இருந்த பெட்டிக்கடையில் மட்டும் ஒரு பல்பைப் போட்டு வைத்தார். பெருமாளைக் கூப்பிட்டு அனுப்பினார். ஒரு வாரத்தில் அந்த மனிதர் பாதியாகிவிட்டிருந்தார், சட்டை தோளில் நிற்கவில்லை. டிரான்ஸ்பார்மரில் மூன்று ஃபியூஸையும் பிடுங்கச் சொன்னார். பெருமாள் பிடுங்கினார். வழக்கப்படி பையில் போடப் போனவரை, "பையில போடாத. கையில வெச்சுக்கோ, எல்லாரும் பாக்கட்டும்" என்றார் இன்ஜினியர்.

ஊரே கூடியிருந்தது. சாந்தி தன் வீட்டு வாசலில் இரண்டு பெண்கள் பிடித்துக்கொள்ள நின்றிருந்தார். பெட்டிக்கடைப் பல்பு அணைந்து கிடந்தது. முனிராஜ் வீட்டு மெயினில் அவர் அன்றைக்குத் தப்பாகப் பிடுங்கிய அதே ஃபியூஸை நான் பிடுங்கினேன். இரண்டு முனை வயரைச் சொருகினேன். கயிற்றை இழுத்து மெஷினைக் கிளப்பினேன்.

பெட்டிக்கடைப் பல்பு எரிந்தது.

எல்லாரும் பல்பைப் பார்த்தார்கள், அப்புறம் பெருமாள் கையைப் பார்த்தார்கள். இரண்டு கையிலும் சேர்த்து மூன்று ஃபியூஸ். எல்லாருக்கும் தெரியும்படி அவர் அவற்றை உயர்த்திப் பிடித்தார். "அய்யோ, இவன் புடுங்கித்தான்டா வெச்சிருந்தான்" என்று கூட்டத்தில் ஒரு கிழவர் சத்தமாகச் சொன்னார்.

சாந்தி பிடித்திருந்தவர்களை உதறிவிட்டு வந்தார். அண்ணன் எதிரே நின்று அவர் கையையே பார்த்தார்.

"அண்ணா," என்றார். "உள்ள வாண்ணா."

பெருமாள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு பெரிய ஆம்பிளை அழுது நான் பார்த்ததில்லை. தங்கைதான் தூக்கி நிறுத்தி அழைத்துக்கொண்டு போனார்.

நான் மெஷினை நிறுத்தினேன். இன்ஜினியர் காகிதத்தை வைத்துக்கொண்டு எல்லாரையும் கேட்டு எழுதினார். என் முறை வந்ததும், இந்த மெஷின் இதே கோளாறோடு ஜனவரியிலேயே என்னிடம் வந்தது, காரணம் கேட்காமல் சரிசெய்து அனுப்பினேன் என்று சொன்னேன். சார் என் பக்கத்தில் நின்றிருந்தார். கொஞ்சம் குறைத்துச் சொல்லலாம் என்று அவர் ஜாடை காட்டவில்லை. காட்டியிருந்தாலும் நான் குறைத்திருக்க மாட்டேன். அன்றைக்கு அந்த மட்டும் நான் சரியாக இருந்தேன். நான் சொன்னது சுற்றி நின்ற அத்தனை பேர் காதிலும் விழுந்தது.

கூட்டம் கலைந்தது. முனிராஜை விசாரணைக்குக் கூட்டிப் போனார்கள். சார் வண்டியருகே போய் நின்றார். நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. சாந்தி.

"நீங்கதான அந்த மெஷின ரிப்பேர் பண்ணவரு?"

"ஆமாம்மா."

"பொங்கலுக்கப்புறமே ஒருக்கா உங்ககிட்ட வந்துச்சுன்னீங்களே."

"ஆமாம்மா."

"எப்படி மாட்டுனேன்னு அப்பவே நீங்க கேட்டிருந்தா, அவுரு சொல்லியிருப்பாருங்களா?"

முனிராஜ் முதல் தடவை சிரித்த முகத்தோடு ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்தது எனக்கு நினைவு வந்தது. கேட்டிருந்தால் வயரின் நீள அகலம் வரைக்கும் சொல்லியிருப்பார்.

"சொல்லியிருப்பாரும்மா. நானும் அந்த வயர அன்னைக்கே வெட்டிப் போட்டிருப்பேன்."

"அப்ப எங்கூட்டுக்காரரு இருந்திருப்பாரா?"

அந்தம்மா கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார். விதி, நேரம், அவன் விட்ட வழி என்று சொல்வதற்கு எத்தனையோ இருக்கிறது. எழவு வீட்டில் எல்லாரும் சொல்வதுதான். என் நாக்கு வரைக்கும் வந்தது.

"இருந்திருப்பாரும்மா" என்றேன்.

அவர் தலையை மெல்ல ஆட்டினார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தார். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. நானும் ஒன்றும் சொல்லாமல் கிளம்பினேன்.